ஹெல்த் அண்ட் சோஷல் கெயார் படிப்பு: இங்கிலாந்துத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியின் திறந்தநாளில் ஹெல்த் அண்ட் சோஷல் கெயார், அதாவது உடல்நலமும் சமூகப் பராமரிப்பும் என்ற பாடம் பற்றித் தமிழ்ப் பெற்றோர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பவையும், பிள்ளைகள் வகுப்பு கலைந்தபின் நின்று கேட்பவையும் இங்கே இருக்கின்றன. பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் தகைமைகளும் விதிகளும் வேறு.

இது நேர்சிங் படிப்பா? முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

நேர்சிங் இல்லை. தாதியாகவோ சமூகப் பணியாளராகவோ வேலை செய்யப் பட்டமும் வேண்டும், அதன்பின் பதிவும் வேண்டும். இந்தப் படிப்பு அதற்கு முந்திய படி. லெவல் 3 (ஏ லெவலுக்குச் சமமான நிலை) முடித்த கையோடு வேலைக்குப் போக விரும்பினால் முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு, வைத்தியசாலை வார்டில் உதவியாளர், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான பகல்நேர நிலையம் என்று இடங்கள் உண்டு. மேலே படிப்பதென்றால் நேர்சிங், சமூகப் பணி, தொழில்வழிச் சிகிச்சை, பொதுச் சுகாதாரம் போன்ற பட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

பீடெக், டீ லெவல், அப்ரெண்டிஸ்ஷிப் என்று மூன்று சொல்கிறார்கள். எதில் சேர்ப்பது?

பிள்ளைக்கு எந்த வேலை வேண்டும் என்று எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதைப் பொறுத்தது.

பீடெக் (ஊரில் சொல்லும் பொறியியல் பட்டத்தோடு குழப்ப வேண்டாம்) பல அளவுகளில் வருகிறது. சிறியதை ஓர் ஏ லெவலுக்குச் சமமாக எடுத்து, மற்ற இரண்டு பாடங்களையும் ஏ லெவலாகவே படிக்கலாம். பெரியது, அதாவது எக்ஸ்டென்டட் டிப்ளோமா, மூன்று ஏ லெவலுக்குச் சமம். அதில் மூன்று டிஸ்டிங்ஷன் (பாஸ், மெரிட் இரண்டுக்கும் மேலான பெறுபேறு) எடுத்தால் யூகாஸ் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி, 144. மூன்று ஏ லெவலிலும் ‘ஏ’ எடுத்தவருக்கும் அதே 144தான். இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்கு நான் பெரும்பாலும் சொல்வது சிறிய பீடெக்கையும் அதனோடு உயிரியல், உளவியல் போன்ற ஏ லெவல்களையும். எந்தக் கதவும் மூடப்படாது.

டீ லெவல் இரண்டு வருடப் படிப்பு. ஹெல்த் டீ லெவல் 2021 செப்டெம்பரில் தொடங்கியது. அதுவும் மூன்று ஏ லெவலுக்குச் சமம்தான், ஆனால் வேறு பாடம் சேர்க்கப் பெரும்பாலும் இடமில்லை. குறைந்தது 315 மணிநேரம் உண்மையான வேலைத்தலத்தில் நிற்க வேண்டும். வளர்ந்தோர் தாதியர் குழு, மகப்பேற்றுக் குழு, மனநலக் குழு, சிறுவர் பராமரிப்பு, சிகிச்சைக் குழு ஆகியவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து ஆழமாகப் படிப்பார்கள். 16 வயதிலேயே “எனக்கு வார்டுதான்” என்று சொல்லும் பிள்ளைக்கு நல்ல தெரிவு. சும்மா சேர்ந்த பிள்ளைக்குச் சிறை.

அப்ரெண்டிஸ்ஷிப்பில் வேலைதான் முதல். சம்பளத்தோடு படிக்கலாம். லெவல் 2 பராமரிப்புப் பணியாளரில் தொடங்கிப் பட்டதாரித் தாதி வரை அதே பாதையில் ஏறலாம். முதலில் வேலை கொடுப்பவர் கிடைக்க வேண்டும், சிக்கல் அங்கேதான்.

இன்னொன்று. 2025 அக்டோபரில் அரசு ‘வி லெவல்’ என்ற புதிய தகைமையை அறிவித்தது. 2027இலிருந்து படிப்படியாக வரப்போகிறது, பீடெக் போன்றவற்றின் இடத்தை அது பிடிக்கும். ஆகவே அண்ணன் படித்த பாடம் தம்பிக்கும் இருக்கும் என்று நினைத்துப் போகாமல், சேரும் வருடத்தில் எது நடக்கிறது என்று கல்லூரியில் கேளுங்கள்.

கணிதத்தில் 4 வரவில்லை. சேர முடியுமா?

லெவல் 2 இல் சேரலாம். சில இடங்களில் லெவல் 3 இலும் எடுப்பார்கள். எங்கே சேர்ந்தாலும் ஜி.சி.எஸ்.இ. (16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) கணிதமோ ஆங்கிலமோ சித்தித் தரமான 4க்குக் கீழ் இருந்தால் அவற்றைத் தொடர்ந்து படித்தே ஆக வேண்டும். அது கல்லூரிக்கு அரசு நிதி தருவதற்கான விதி, கல்லூரியின் பிடிவாதம் இல்லை. அலட்சியமாக விடாதீர்கள். பீடெக்கில் உச்சப் பெறுபேறு எடுத்தும் ஜி.சி.எஸ்.இ. கணிதம் இல்லாததால் நேர்சிங் விண்ணப்பம் திரும்பி வரும் கதை ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

கெட்டிக்காரப் பிள்ளை. இதைப் படித்து டொக்டராக வரலாமா?

நேரடியாக வர முடியாது. மருத்துவ பீடங்கள் பெரும்பாலும் வேதியியலோ உயிரியலோ ஏ லெவலில் கேட்கும், பல இடங்களில் இரண்டையும் கேட்கும். அந்த எண்ணம் இருந்தால் இந்தப் பாடத்தை முழுமையாக எடுக்க வேண்டாம். இயன்மருத்துவத்துக்கும் (பிசியோதெரபி) மகப்பேற்றுத் தாதிக்கும் போட்டி கடுமை. பல பல்கலைக்கழகங்கள் உயிரியலை எதிர்பார்க்கின்றன. நேர்சிங், சமூகப் பணி இரண்டுக்கும் இது நன்றாகச் செல்லும்.

“டொக்டர் இல்லையென்றால் பிறகு எதற்கு?” என்று ஒரு தகப்பன் பிள்ளைக்கு முன்னாலேயே கேட்டதுண்டு. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து கையேட்டின் மூலையை மடித்துக்கொண்டிருந்தது. தயவுசெய்து அதை வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

வகுப்பில் உண்மையில் என்ன படிப்பார்கள்?

மனித வாழ்க்கையைப் பருவம் பருவமாகப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்கும். பீடெக்கில் பிறப்பு முதல் 2 வயது வரை, 3 முதல் 8, 9 முதல் 18, 19 முதல் 45, 46 முதல் 65, அதற்கு மேல் என்று ஆறு பருவங்கள். ஒவ்வொன்றிலும் உடல், அறிவு, உணர்வு, சமூகம் என்ற நான்கு பக்கமும் எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். உளவியலாளர் பியாஜேயின் அறிவு வளர்ச்சிக் கட்டங்கள், குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பு பற்றிய பௌல்பியின் பற்றுதல் கொள்கை எல்லாம் வரும். 1967இல் ஹோம்ஸ், ராஹே இருவரும் வாழ்க்கையில் நேரும் 43 நிகழ்வுகளுக்கு அழுத்தப் புள்ளி கொடுத்துப் பட்டியல் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. அதுவும் பாடத்தில் உண்டு.

எனக்குப் பிடித்த பகுதி முதுமை பற்றிய வாதம். வயது போகப் போக மனிதர் தாமாகவே சமூகத்திலிருந்து விலகுவது இயல்பு என்று 1961இல் கம்மிங், ஹென்றி இருவரும் சொன்னார்கள். ஈடுபாடு குறையாமல் இருப்பவர்களே நிறைவாக வாழ்கிறார்கள் என்பது எதிர்த்தரப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஊரில் சந்தை, கோயில், அயல் என்று திரிந்த அம்மம்மா இங்கே வந்து மாடி அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார். அவர் விலகினாரா, விலக்கப்பட்டாரா? வகுப்பில் அரைமணி நேரம் சண்டை நடக்கும்.

இவற்றோடு உடற்கூற்றியல், தொற்றுத் தடுப்பு, தொடர்பாடல், சமத்துவச் சட்டம், 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், சிறு ஆய்வு செய்யும் முறை ஆகியவையும் உண்டு. சில அலகுகளுக்குப் பரீட்சை, சிலவற்றுக்கு ஒப்படை.

ஒப்படைக்கு எப்போதும் ‘பாஸ்’ மட்டுமே வருகிறது. நிறைய எழுதியும் ஏன்?

நீளத்துக்குப் புள்ளி இல்லை. கேள்வியில் உள்ள வினைச்சொல்தான் எல்லாம். விவரி என்றால் என்ன நடக்கிறது என்று சொல்வது. விளக்கு என்றால் ஏன் என்று சொல்வது. பகுப்பாய்வு செய் என்றால் ஒன்று மற்றொன்றோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று காட்டுவது. மதிப்பிடு என்றால் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவது.

ஓர் எடுத்துக்காட்டு. 68 வயதுப் பெண், பக்கவாதத்தால் வலது கை பலவீனம், கணவர் இறந்து ஒரு வருடம். அவருடைய நலனில் இவற்றின் தாக்கத்தை எழுதச் சொல்கிறார்கள்.

“அவர் கவலையாக இருப்பார், சமைக்க முடியாது, வெளியே போக மாட்டார்” என்பது பாஸ்.

வலது கை இயங்காததால் சமைக்கவும் கையெழுத்துப் போடவும் மகளை எதிர்பார்க்கிறார். இதுவரை வீட்டை நடத்தியவர் என்பதால் சுயமதிப்பு விழுகிறது. மற்றவர்களுக்கு முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு விசேஷங்களைத் தவிர்க்கிறார். தவிர்ப்பதால் துக்கத்தைப் பகிர ஆளில்லை. இப்படி உடலிலிருந்து உணர்வுக்கும், உணர்விலிருந்து சமூகத்துக்கும் கோடு போட்டுக் காட்டினால் மெரிட்.

டிஸ்டிங்ஷனுக்கு இன்னும் ஒரு படி. இதில் எது இப்போது முக்கியம், எது நீண்ட காலத்துக்கு முக்கியம்? கம்மிங், ஹென்றியின் கொள்கை இவருக்குப் பொருந்துமா? அவர் விரும்பி விலகவில்லை, இழப்பும் உடல்நிலையும் சேர்ந்து தள்ளின, ஆகவே அந்தக் கொள்கை இங்கே பலவீனம் என்று காரணத்தோடு எழுத வேண்டும். மூன்று பக்கம் தேவையில்லை. ஒரு பக்கம் போதும்.

இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ எடுத்து ஒட்டினால் அது முறைகேடு. மேலே சொன்னது போன்ற கேள்விகளில் அது சட்டென்று தெரிந்தும் விடும். கேள்வியில் உள்ள பெண்ணை விட்டுவிட்டுப் பொதுவாக “முதியோர்” என்று பேசிக்கொண்டு போகும்.

வீட்டில் அப்பப்பாவைப் பார்த்துக்கொண்ட அனுபவம் உதவுமா?

பொறுமைக்கு உதவும். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டி வரும். எங்கள் வீடுகளில் அன்பு என்றால் செய்து கொடுப்பது. ஊட்டிவிடுவோம், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவோம், தண்ணீர்க் கோப்பையைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்போம். இந்தப் படிப்பு எதிர்ப்பக்கம் இழுக்கும். பொத்தானைப் போட அவருக்குப் பத்து நிமிடம் எடுத்தாலும் முடியுமானதை அவரே போடட்டும், மேலே உள்ள ஒன்று எட்டாவிட்டால் அதை மட்டும் நீ போடு என்று சொல்லும். செய்யாமல் விட்ட கை விரைவில் செய்ய முடியாத கையாகிவிடும். நடைக்கும் அப்படித்தான். தமிழ்ப் பிள்ளைகள் முதல் மாதம் இதில்தான் தடுமாறுகிறார்கள். சும்மா நிற்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தெரிகிறது.

அடுத்தது முடிவெடுப்பது. “மருந்து பற்றி எல்லாம் அண்ணாவோடு கதையுங்கள்” என்று வீட்டில் சொல்வோம். இங்கே 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் ஐந்து அடிப்படைகளைச் சொல்கிறது. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே தொடங்க வேண்டும். அவர் முடிவெடுக்க எல்லா உதவியும் செய்ய வேண்டும். புத்தியில்லாத முடிவு என்பதற்காகத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது. திறன் இல்லையென்று உறுதியானால் அவருடைய நன்மைக்காகவே முடிவெடுக்க வேண்டும், அதிலும் அவர் சுதந்திரத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியைத் தேட வேண்டும். சர்க்கரை நோய் உள்ள அப்பப்பா லட்டுக் கேட்டால் ஒளித்து வைப்பதா, விளைவைச் சொல்லிவிட்டு அவர் விருப்பத்துக்கு விடுவதா? பரீட்சைக்கு விடை தெரியும். வீட்டில் செய்வதற்குத்தான் பாடுபட வேண்டும்.

வேலைத்தல அனுபவத்தில் என்ன செய்ய விடுவார்கள்?

ஆரம்பத்தில் பார்க்க, பேச, உணவுவேளையில் துணையாக இருக்க. 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பல இல்லங்கள் குளிப்பாட்டுதல் போன்றவற்றில் நேரடியாக ஈடுபடுத்துவதில்லை. ஆளைத் தூக்கும் இயந்திரம் பயிற்சி பெறாதவர் தொடவே கூடாத சாமான்.

சின்னதாகத் தெரியும் வேலைகளில்தான் பாடம் இருக்கிறது. ஒருவர் தேநீர் கேட்கிறார் என்று எடுத்துக்கொடுத்துவிட முடியாது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குப் பானம் 0 முதல் 4 வரை தடிப்பு நிலைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். எந்த நிலை என்பதைப் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் எழுதியிருப்பார். தண்ணியான தேநீர் மூச்சுக்குழலுக்குள் போனால் நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் முடியலாம். முதலில் பராமரிப்புத் திட்டத்தைப் பார், இல்லையேல் பணியாளரிடம் கேள்.

பிறகு திரவப் பதிவுத்தாள். 200 மில்லிலீட்டர் கோப்பையில் ஆரஞ்சுச் சாறு கொடுக்கிறீர்கள். அரைமணி கழித்து வந்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. தாளில் 200 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், கொடுத்தது 200 என்பதால். குடித்தது 50. ஐம்பதைத்தான் எழுத வேண்டும். நாள் முழுவதும் அப்படிப் பொய்யாக நிரம்பிய தாளைப் பார்த்து “நன்றாகக் குடிக்கிறார்” என்று தாதி நினைத்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் நீரிழப்பில் குழம்பிப் போயிருப்பார். “நன்றாக நித்திரை கொண்டார்” என்று எழுதுவதும் இதே வகை. 2 மணிக்கும் 4 மணிக்கும் பார்த்தபோது கண் மூடியிருந்தார் என்பதே நீங்கள் கண்டது. கண்டதை எழுதுங்கள். எழுதத் தெரிந்த மாணவரை இல்லங்கள் மறப்பதில்லை.

கைப்பேசிப் படம் வேண்டாம். பிறந்தநாள் கேக்கோடு நிற்கும் பாட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மலசலம், குளிப்பாட்டுதல்... பிள்ளைக்கு அருவருப்பாக இருக்காதா?

இருக்கும். எல்லோருக்கும் இருக்கும், சில வாரங்களில் குறையும். குறையவே இல்லையென்றால் அது தோல்வி கிடையாது. பொதுச் சுகாதாரம், நிர்வாகம், இளைஞர் பணி என்று உடல் பராமரிப்பு இல்லாத பக்கங்களும் உண்டு. உதவி பெறுபவருக்கு அதைவிட அதிகக் கூச்சம் என்பதைப் பிள்ளை கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. திரைச்சீலையை இழுத்துவிடு, துவாயால் மூடு, என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிவிட்டுச் செய்.

ஆண்பிள்ளை படிக்கலாமா?

தாராளமாக. பல வயோதிப ஆண்கள் ஆண் பணியாளரைத்தான் கேட்கிறார்கள்.

டி.பி.எஸ். சோதனை என்றால்? பொலிஸில் ஒரு சின்னப் பிரச்சினை இருந்தது.

குற்றப் பின்னணியைப் பார்க்கும் சோதனை, வேலைத்தலத்துக்குப் போகும் முன் செய்வார்கள். பழைய பதிவு இருந்தால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. என்ன நடந்தது, எந்த வயதில், எவ்வளவு காலத்துக்கு முன் என்று பார்ப்பார்கள். கேட்டால் மறைக்காதீர்கள், மறைத்ததுதான் பெரிய பிரச்சினையாகும்.

வேலைத்தலத்தில் யாரோ ஒரு முதியவரைக் கடுமையாக நடத்துவதைக் கண்டால்?

அன்றே சொல்ல வேண்டும். முதலில் அங்குள்ள பொறுப்பாளரிடம். அவரே சம்பந்தப்பட்டிருந்தால் கல்லூரி ஆசிரியரிடம். எழுதி வையுங்கள்: நேரம், இடம், கேட்ட வார்த்தைகள் அப்படியே. நீங்களாக விசாரிக்கப் போகாதீர்கள். பாதிக்கப்பட்டவர் “யாருக்கும் சொல்லாதே” என்று கெஞ்சினாலும் அந்த வாக்குறுதியைக் கொடுக்கக்கூடாது.

“வந்த இடத்தில் எங்களுக்கு ஏன் வம்பு” என்ற வீட்டுப் புத்திமதி இங்கே ஆபத்தானது. பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் வைத்தியசாலையில் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டார்கள். மூத்த தாதி ஒருவர் நிர்வாகத்துக்கும் கண்காணிப்பு அமைப்புக்கும் அறிவித்தும் ஒன்றும் நடக்கவில்லை. 2011இல் பீபீசி இரகசியக் கமராவோடு உள்ளே போனபிறகே வெளியே வந்தது. 11 பேர் தண்டனை பெற்றார்கள். ஸ்டஃபர்ட் வைத்தியசாலையில் நடந்த புறக்கணிப்புப் பற்றிய ரொபேர்ட் பிரான்சிஸின் விசாரணை அறிக்கை 2013இல் வந்தது. அதே வருடம் கமிலா கவென்டிஷ் பயிற்சி இல்லாத உதவியாளர்களின் நிலைமையை ஆராய்ந்தார். அதன் பலன்தான் 2015 ஏப்ரலில் தொடங்கிய கெயார் சேர்ட்டிபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சி. 15 தரநியமங்களோடு ஆரம்பித்தது, கற்றல் குறைபாடும் ஓட்டிசமும் பற்றிய 16ஆவது 2025இல் சேர்ந்தது. வேலையில் சேர்ந்தவுடன் நீங்களும் அதைச் செய்வீர்கள்.

தமிழ் தெரிந்திருப்பது பயன்படுமா?

நிறைய. மறதிநோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுகிறது. முப்பது வருடம் ஆங்கிலத்தில் கடை நடத்தியவர் ஒருநாள் தமிழில் மட்டும் பதில் சொல்வார், பணியாளர்கள் அதை முரட்டுத்தனம் என்று எழுதிவைப்பார்கள். “ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று ஒருவர் கேட்டால் அறையே மாறும்.

எல்லை ஒன்று உண்டு. சத்திரசிகிச்சைக்குச் சம்மதம், நோயறிக்கை போன்றவற்றுக்கு மாணவர் மொழிபெயர்க்கக்கூடாது, குடும்பத்தவரும் கூடாது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது. மகன் “அம்மா பயப்படுவா” என்று பாதியை விழுங்கிவிடுவான்.

எனக்கு 42 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இனித் தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் 16 வயதுப் பிள்ளைகளின் பீடெக்கில் இல்லை. பட்டம்தான் குறி என்றால், வளர்ந்தோரைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் அக்செஸ் டிப்ளோமா பாருங்கள். 60 கிரெடிட், முழுநேரமாக ஏறக்குறைய ஒரு வருடம். அதற்கான கற்றல் கடனை எடுத்து, பிறகு பல்கலைக்கழகப் பட்டத்தையும் முடித்தால், அக்செஸ் கடனில் மீதியிருப்பது தள்ளுபடியாகும். நேர்சிங் மாணவர்களில் தகுதியுள்ளவர்களுக்கு வருடம் குறைந்தது 5,000 பவுண் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத உதவித்தொகை 2020இலிருந்து உண்டு. வதிவிட விதிகள் இருப்பதால் உங்கள் விசா வகையைக் கல்லூரியிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ஏற்கெனவே கெயார் வேலை செய்பவர் என்றால் வேலையிடத்திலேயே கேளுங்கள். நேர்சிங் அசோசியேட் என்ற இரண்டு வருடப் பாதை இருக்கிறது, 2019 ஜனவரியிலிருந்து அவர்களுக்கும் தாதியர் மன்றத்தில் பதிவு உண்டு. அங்கிருந்து தாதிப் பட்டத்துக்கு ஏறலாம்.

சம்பளம் எப்படி?

பராமரிப்புப் பணியில் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. பலருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியோ அதைவிடச் சற்று மேலோதான் கிடைக்கிறது. 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அது 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுணாக இருந்தது. வீடு வீடாகப் போகும் வேலையில் ஒன்று கவனிக்க வேண்டும். ஒருவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேர வேண்டும். பதினைந்து நிமிட வருகைகளுக்கு மட்டும் காசு போட்டு, இடையில் பஸ்ஸில் போன நேரத்தை விழுங்கும் கம்பனிகள் இருக்கின்றன. சம்பளச் சீட்டை வாசிக்கப் பழகுங்கள். மணிநேர உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தமா என்றும் பாருங்கள்.

ஊரில் இருக்கும் தங்கை இதைப் படித்தால் கெயார் விசாவில் வரலாமா?

அந்த வழி மூடியாயிற்று. 2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்குத் திறந்தார்கள். 2024 மார்ச் 11இலிருந்து குடும்பத்தைக் கூட்டிவருவதை நிறுத்தினார்கள். 2025 ஜூலை 22இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கவே முடியாது. ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு இடைக்கால ஏற்பாடு உண்டு. பதிவுபெற்ற தாதியாக வருவது வேறு பாதை, அது திறந்திருக்கிறது, ஆனால் அதற்கு ஊரிலேயே தாதிப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். “ஒரு சேர்ட்டிபிகேட் எடுத்துத் தாருங்கள், ஸ்பொன்சர் கடிதம் நான் பார்க்கிறேன்” என்று இப்போதும் காசு கேட்கும் முகவர் யாராவது இருந்தால், காணியை ஈடு வைக்க முன் இந்தத் திகதிகளை அவருக்கு வாசித்துக் காட்டும்படி தங்கையிடம் சொல்லுங்கள்.